ஏற்காட்டில் காப்பி விளையும், நாவல் விளையாது

ஒரு வாசகர் எழுதியிருந்தார். வயது இருபத்தெட்டு. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி உத்தியோகம். ‘ஸார், மனசுக்குள் ஒரு நாவல் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு ஏற்காட்டில் ஆறு மாதம் ரூம் எடுத்துத் தங்கி எழுதி முடிக்கப்போகிறேன். உங்கள் ஆசி வேண்டும்.’

ஆசி கிடையாது, ராஜினாமாக் கடிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள் என்று பதில் போட்டேன். கோபித்துக்கொண்டார். இதே நினைப்பில் உங்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, எல்லாருக்குமாகச் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சொல்வதற்கு எனக்குத் தகுதி உண்டு. பல வருஷம் முன்னால் நானும் ஒரு கட்டு வெள்ளைத் தாளும் ரெண்டு பேனாவுமாகச் சேலத்தில் பஸ் ஏறியவன்தான். முதல் நாள் பனி பார்த்தேன். ரெண்டாம் நாள் ஏரியில் படகு. மூன்றாம் நாள் ராத்திரி லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்து விளக்குகளை எண்ணினேன். நாலாம் நாள் மேகம் தவழ்வதைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். அதையும் அடித்துவிட்டு, பில்லைக் கட்டிவிட்டு இறங்கி வந்தேன். மேகம் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தவழ்கிறது. அதில் என் கதை ஏது?

இந்த மலைவாச மயக்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது சினிமா. ‘கதை டிஸ்கஷன்’ என்றால் குளிர்ப்பிரதேசம், காட்டேஜ், வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனால் ஏற்காடு ரோட்டில், மலை ஏறுவதற்கு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய வளைவு நிற்கிறது. அடுத்த தடவை போகும்போது வண்டியை நிறுத்திப் பாருங்கள். டி.ஆர்.சுந்தரம் 1935-ல் ஆரம்பித்த கம்பெனி. நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். கருணாநிதி வசனம் எழுதிய ‘மந்திரி குமாரி’ (1950) அவர்கள் படம்தான். சுந்தரம் கண்டிப்புக்குப் பேர் போனவர்; ஸ்டூடியோவை மில் மாதிரி நடத்தினார். அந்த அதட்டலுக்கும் கெடுபிடிக்கும் நடுவில்தான் வசனங்கள் பிறந்தன. மேலே பனி. கீழே வேலை.

‘அது சினிமா ஸார், நாவல் வேறு’ என்பீர்கள். சரி, நாவலுக்கே வருவோம். நீலகிரியை வைத்து எழுதப்பட்ட ‘குறிஞ்சித் தேன்’ 1963-ல் வந்தது. எழுதிய ராஜம் கிருஷ்ணன் சீசனுக்கு வந்துபோனவர் அல்ல. மின்துறை எஞ்சினீயரான கணவரோடு அந்த மலையில் குடித்தனம் நடத்தி, படகர்களோடு பழகி எழுதினார். பிற்பாடு உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி எழுதத் தூத்துக்குடிக்குப் போனார், கொள்ளைக்காரர்களைச் சந்திக்கச் சம்பலுக்கே போனார். ஆனைமலைத் தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதையான ‘ரெட் டீ’யை 1969-ல் எழுதிய பி.எச்.டேனியல், அதே தோட்டங்களில் டாக்டராக இருந்தவர். 2007-ல் இரா.முருகவேள் மொழிபெயர்ப்பில் அது ‘எரியும் பனிக்காடு’ ஆனது. பாலாவின் ‘பரதேசி’க்கு (2013) அடிப்படை அந்தப் புத்தகம்தான். இவர்கள் மலையை ஜன்னல் வழியாகப் பார்க்கவில்லை. அங்கே வாழ்ந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள்.

சேலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் ஊர்ப்பக்கம். அப்பா சினிமா தியேட்டரில் சோடாக் கடை வைத்திருந்தார். அந்தத் தியேட்டர் உலகம் ‘நிழல் முற்ற’மாக வந்தது. வறண்ட மேட்டுக்காடும் ஆடு மேய்க்கும் பிள்ளைகளும் ‘கூளமாதாரி’ ஆயின. அரசுக் கல்லூரியில் தமிழ் வாத்தியாராக உத்தியோகம் பார்த்தவர். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்தார். சினிமா உலகத்தின் பின்கட்டு ‘கரைந்த நிழல்க’ளில் வந்து உட்கார்ந்தது. வேலை எழுத்தைக் கெடுத்ததா, கொடுத்ததா? நீங்களே சொல்லுங்கள்.

கம்ப்யூட்டர் தம்பி, உங்களுக்கு இது புரிய வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்காக்காரனுக்குப் பதில் சொல்லிவிட்டு கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருப்பவனின் முகம் உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. உங்கள் நாவல் அங்கே இருக்கிறது. அதை விட்டுவிட்டு மேகத்தைத் தேடிப் போகிறீர்கள்!

இன்னொரு கசப்பான விஷயம். எழுத்து சோறு போடும் என்று நம்பி இறங்காதீர்கள். சாகித்ய அகாதமி விருது வாங்கிய ராஜம் கிருஷ்ணன், கணவர் போன பிறகு, கடைசிக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழிக்க நேர்ந்தது. அவர் புத்தகங்களை அரசு நாட்டுடைமை ஆக்கியதே 2009-ல்தான். 2014-ல் காலமானார். ‘மாதொருபாகன்’ எதிர்ப்பில் பெருமாள்முருகன், தனக்குள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக 2015 ஜனவரியில் அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் திரும்பினார். நாவலாசிரியன் வாழ்க்கை என்பது காட்டேஜும் காப்பியும் அல்ல. விருது வீட்டு வாடகை கட்டாது. மாதச் சம்பளம் கட்டும். அந்தச் சம்பளம் இருந்தால்தான் பதிப்பாளர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாமல் எழுதலாம்.

‘அப்போ தனிமையே வேண்டாமா?’ வேண்டும். ஆறு மாதம் வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் போதும். விடியற்காலையோ, வீடு தூங்கிய பிறகோ, ஒரு பக்கம் எழுதுங்கள். வருஷக் கடைசியில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் இருக்கும். அதில் பாதியை அடியுங்கள். மிச்சத்தைத் திருப்பி எழுதுங்கள். இடையில் மற்றவர்கள் எழுதியதைப் படியுங்கள், முக்கியமாக உங்களுக்குப் பிடிக்காதவர்கள் எழுதியதை. நாவலின் ரகசியம் இவ்வளவுதான். இதற்கு ஒரு பயிற்சிப் பட்டறையில் பணம் கட்டாதீர்கள்.

ஏற்காட்டுக்குத் தாராளமாகப் போங்கள், தாள் இல்லாமல். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் போங்கள். பறித்ததை எடை போடும் இடத்தில் ஓரமாக நில்லுங்கள். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணிடம் வீட்டில் என்ன சமையல் என்று கேளுங்கள். சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு ‘மலையாளி’ என்று பெயர்; கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, பேச்சு தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் மலைக்கு ஒருவராகப் பிரிந்தார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. அதைச் சொல்லச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

பிறகு கீழே இறங்கி வந்து, மறுநாள் காலை ஆபீஸுக்குப் போங்கள். ராத்திரி ஒரு பக்கம் எழுதுங்கள்.

அது தேறினால் எனக்கு அனுப்புங்கள். ஆசியை அப்போது தருகிறேன்.