திருத்திய படம் எவ்வளவு உண்மை?

உங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய புகைப்படம் இருக்கும். ஓரம் கிழிந்து, நடுவே மடிப்புக் கோடு விழுந்து, தாத்தாவின் கன்னத்தில் பூஞ்சை படிந்து மங்கிப் போயிருக்கும். அதைக் கைப்பேசியில் பிடித்து ஒரு செயலியிடம் கொடுத்துப் பாருங்கள். சில நொடிகளில் கோடு மறைகிறது, பூஞ்சை மறைகிறது, தாத்தா பளிச்சென்று நம்மைப் பார்க்கிறார். வீட்டில் எல்லோரும் வியக்கிறார்கள். பாட்டி மட்டும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அவர் இல்லையே!" என்கிறார்.

பாட்டியின் பேச்சைத் தட்டிவிடக் கூடாது என்பதே என் கட்சி. அதற்கான காரணத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கணிப்பொறிக்குப் படம் என்று ஒன்று கிடையாது. அதற்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் தம் கைக்குழந்தையின் புகைப்படத்தை முதன்முதலாகக் கணிப்பொறிக்குள் ஏற்றினார். படத்தை நீளத்தில் 176, அகலத்தில் 176 என்று பகுத்து, 30,976 சிறு கட்டங்களாக்கினார். இந்தக் கட்டங்களைத்தான் இன்று பிக்ஸெல் என்கிறோம். சாதாரணக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒவ்வொரு பிக்ஸெலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. 0 என்றால் முழு இருட்டு. 255 என்றால் முழு வெளிச்சம். வண்ணப் படமானால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்.

இப்போது ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 200, 220, 240, 250 என்று நான்கு பிக்ஸெல்களை எழுதுங்கள். படம் சற்று இருட்டாக இருக்கிறது என்று எண்ணி ஒவ்வொன்றுடனும் 40 கூட்டுவோம். 240 வருகிறது, அடுத்தது 260. ஆனால் 255-க்கு மேல் இடமில்லையே! ஆகவே 240, 255, 255, 255 என்று நிற்கிறது. "அடடா, வெளிச்சம் மிகுந்துவிட்டது" என்று மறுபடி 40 கழித்தால் பழைய எண்கள் திரும்புமா? 200, 215, 215, 215 என்றுதான் வரும். மூன்று வேறு வேறு சாயல்கள் ஒன்றாகிவிட்டன. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் அந்த வேறுபாட்டில்தான் இருந்தன. அவை போயே போய்விட்டன. இதே படத்தைச் சேமித்து, அசலை அழித்தும் விட்டால் எந்தப் பொத்தானாலும் அவற்றை மீட்க இயலாது.

படத்தைக் கூர்மையாக்கும் பொத்தான் இன்னும் வேடிக்கையானது. இருண்ட சுவரும் வெளுத்த வானமும் சந்திக்கும் இடத்தில் 100, 100, 100, 160, 160, 160 என்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் அதன் இருபக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரி எடுத்தால் 100, 100, 120, 140, 160, 160 என்று ஒரு மங்கலான படம் கிடைக்கும். அசலிலிருந்து இந்த மங்கலைக் கழித்து, மிச்சத்தை அசலோடு கூட்டுங்கள். 100, 100, 80, 180, 160, 160. பார்த்தீர்களா? சுவரின் விளிம்பில் 80 என்று ஒரு கறுப்புக் கோடும், வானத்தின் விளிம்பில் 180 என்று ஒரு வெள்ளைக் கோடும் புதிதாக முளைத்துவிட்டன. சுவரிலும் அவை இல்லை, வானத்திலும் இல்லை. ஆயினும் நம் கண், "ஆகா, எவ்வளவு தெளிவு!" என்கிறது.

இது கணிப்பொறிக்காரர்கள் கண்டுபிடித்த தந்திரம் அன்று. அந்தக் காலத்து இருட்டறையில், நெகட்டிவின் மங்கலான நகல் ஒன்றை அதன்மேல் பொருத்தி இதையே செய்தார்கள். ஃபோட்டோஷாப் மென்பொருளை எழுதிய தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் தந்தை வீட்டின் நிலவறையிலேயே ஓர் இருட்டறை வைத்திருந்தவர். 1990-இல் விற்பனைக்கு வந்த அந்த மென்பொருளிலும், அதற்குப் பின் வந்த கட்டணமில்லாத ஜிம்ப்பிலும், படத்தின் ஒரு பகுதியை மட்டும் வெளுக்கவும் கறுக்கவும் உள்ள கருவிகள் இருட்டறைப் பெயர்களையே இன்றும் தாங்கி நிற்கின்றன.

அடுத்து, புள்ளிகளை நீக்குதல். 52, 50, 255, 51, 49 என்ற வரிசையில் நடுவில் உள்ளது தூசு. சராசரி எடுத்தால் 91.4 வருகிறது, தூசு பரவிக் கறையாகிறதேயன்றி நீங்குவதில்லை. மாறாக, எண்களை ஏறுவரிசையில் அடுக்கி நடு எண்ணை எடுங்கள்: 51. தூசு இருந்த இடமே தெரியவில்லை! எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் நீங்கள் அலுப்போடு போடும் இடைநிலை அளவுதான் இந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அது இரவு வானத்தின் படமாக இருந்தால்? அந்த 255 ஒரு சிறு விண்மீனாகவும் இருக்கலாம் அல்லவா? தூசுக்கும் விண்மீனுக்கும் உள்ள வேறுபாடு கணக்குக்குத் தெரியாது. படம் எடுத்தவருக்குத்தான் தெரியும்.

அப்படியானால் பழுது நீக்குவதே பொய் என்கிறேனா? இல்லை. 1990 ஏப்ரலில் விண்ணுக்குச் சென்ற ஹப்பிள் தொலைநோக்கியின் பெரிய ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2 மைக்ரோமீட்டர் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்குதான்! படங்களோ கலங்கிப் போயின. ஆனால் ஒரு புள்ளி ஒளி அந்த ஆடியில் எப்படிப் பரவும் என்பது அறிஞர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பரவிய ஒளியைக் கணக்கின் மூலம் பின்னோக்கிக் கூட்டிச் சேர்த்தார்கள். ஒளிமிக்க பொருள்கள் நன்றாகத் தெளிந்தன. மங்கலானவை அவ்வளவாகத் தெளியவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தும் ஆடிகளைப் பொருத்திய பிறகே குறை தீர்ந்தது. பழுதின் காரணம் தெரிந்து செய்யும் திருத்தம் இத்தகையது. அதற்கும் எல்லை உண்டு.

இதற்கு நேர்மாறானதையும் கேளுங்கள். 2020-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் ஒரு நிரலை வெளியிட்டார்கள். சில கட்டங்களே உள்ள மங்கலான முகத்தைக் கொடுத்தால், அது தெளிவான முகத்தைத் தரும். யாரோ ஒருவர் முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார். வந்ததோ ஒரு வெள்ளைக்காரரின் முகம்! நிரலில் கோளாறு ஏதுமில்லை. அந்தக் கட்டங்களுக்குப் பொருந்தக்கூடிய ஏதோ ஒரு முகத்தைத் தருவதுதான் அதன் வேலை. யாருடைய முகம் என்பது அதன் கவலையன்று. பாட்டி கண்டதும் இதைத்தான். கன்னத்தின் எண்களைப் பூஞ்சை அழித்துவிட்டது. இல்லாத எண்ணுக்குப் பதில், ஆயிரக்கணக்கான அயலார் கன்னங்களைப் பார்த்துப் பழகிய செயலி தன் ஊகத்தை வைத்துவிட்டது.

விசித்திர விளைவுகளைப் படத்தில் சேர்ப்பதில் எனக்கு விரோதமில்லை. வானத்தை ஊதாவாக்குங்கள்; நண்பனுக்குக் கொம்பு வையுங்கள். அது ஓவியம், யாரும் ஏமாறுவதில்லை. எனக்குப் பயமெல்லாம், பார்ப்பவர் உண்மை என்று நம்பும் படத்தில் சத்தமின்றிச் செய்யும் சிறு திருத்தங்களைப் பற்றித்தான். நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் 1982 பிப்ரவரியில், அட்டையின் நீளவாக்குக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணிப்பொறியால் நெருக்கி வைத்தது. பெரும் கண்டனம் எழுந்தது. அறிவியலார்களும் இதில் விலக்கல்லர். எலிசபெத் பிக்கும் மற்ற இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 20,621 கட்டுரைகளைப் பார்த்ததில் 3.8 சதவீதத்தில் முறையற்ற வகையில் திரும்ப வந்த படங்கள் இருந்தன. கவனக்குறைவால் நேர்ந்தவை உண்டு. வேண்டுமென்றே செய்தவையும் உண்டு. படம் முழுவதையும் ஒரே அளவில் வெளுப்பதைப் பல ஆய்வு இதழ்கள் அனுமதிக்கின்றன. ஓரிடத்தை மட்டும் அழித்து ஒட்டுவதை அனுமதிப்பதில்லை.

உங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கும் இந்த விதி போதும் என்று நினைக்கிறேன். இலையில் உள்ள நோய்ப் புள்ளிகளைப் படம் பிடித்திருந்தால், பின்னணியில் தெரியும் வாளியைக்கூட அழிக்க வேண்டாம். தேவையானால் ஓரத்தை வெட்டிவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டினீர்களானால் படத்தின் கீழே ஒரு வரி எழுதுங்கள். கைப்பேசியே உங்களைக் கேட்காமல் படத்தை வழவழப்பாக்கிக் கூர்மையாக்கித்தான் தருகிறது என்பதால், அதற்கு மேலும் நீங்கள் பூச வேண்டிய அவசியமில்லை.

தாத்தாவின் படத்துக்கும் வழியுண்டு. முதலில் கிழிசலும் பூஞ்சையுமாக அப்படியே ஒரு நகல் எடுத்து, தனியாக வைத்துவிடுங்கள். மற்றொரு நகலில் மடிப்புக் கோட்டைப் பக்கத்துப் பிக்ஸெல்களைக் கொண்டு பொறுமையாக மூடலாம். முகத்தின் பக்கம் போகுமுன் பாட்டியை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கன்னத்தில் தெரிகிற அந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சையா, தாத்தாவின் மச்சமா என்று கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.