பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா?

நவம்பர் மாதம் காஞ்சிபுரத்தில் மாலை 5.40 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. சிறப்பு வகுப்பு முடிந்து கிளம்பும் பிளஸ் ஒன் மாணவி, நெய்த சேலையைக் கொடுத்துவிட்டு அடுத்த பாவோடு ஊர் திரும்பும் நெசவாளர், கோயில் வாசலில் பூ விற்று முடித்தவர்... எல்லோருக்கும் ஊர் எல்லை வரை தெருவிளக்கு துணை. செவிலிமேட்டில் பாலாற்றைத் தாண்டி உள்கிராமச் சாலைக்குத் திரும்பிவிட்டால் வயலும் ஏரிக்கரையும் இருட்டும்தான்.

அரசு தரும் இலவச சைக்கிள் பதினொன்றாம் வகுப்பில் கைக்கு வந்துவிடும். விளக்கு வீட்டார் பாடு. கடையில் எல்லோரும் முதலில் கேட்பது ஹெட்லைட்டைத்தான். கையில் காசு கொஞ்சமாக இருந்தால் முதலில் வாங்க வேண்டியது பின்பக்கச் சிவப்பு விளக்கு.

60 கி.மீ. வேகத்தில் வரும் ஜல்லி லாரி விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். ஓட்டுநர் சைக்கிளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை விநாடி என்றால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து வண்டி நிற்க இன்னும் அவ்வளவு தூரமாவது வேண்டும். சேறு படிந்த ரிஃப்ளெக்டரை மட்டும் நம்பி இந்தக் கணக்கில் இறங்க முடியாது.

சிவப்பு விளக்கை எங்கே மாட்டுவது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சீட்டுக்குக் கீழே மாட்டினால் கேரியரில் வைத்த பாவு மூட்டையோ புத்தகப் பையோ அதை மறைத்துவிடும். கேரியரின் பின் நுனி அல்லது பின் மட்கார்டுதான் சரி. மின்னி மின்னி எரிவது கண்ணைக் கவரும், உண்மைதான். ஆனால் கும்மிருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பின்னால் வருபவரால் மட்டுக்கட்ட முடியாது. நின்று எரிவதே நல்லது. ஜெர்மனியில் சைக்கிள் விளக்கு மின்னவே கூடாது என்று சட்டம்.

அடுத்து ஹெட்லைட். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் மிதிப்பவருக்கு உண்மையான 200 முதல் 400 லூமன் போதும். ‘உண்மையான’ என்று அழுத்திச் சொல்லக் காரணம், மலிவு விளக்குகளின் அட்டையில் அச்சடித்திருக்கும் ஆயிரங்கள். வெளிச்சம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம். எதிரே வருபவர் கண்ணில் அடித்தால் அவர் தடுமாறி நம் மேலேயே வருவார்.

இதைச் சரிபார்க்கக் காஞ்சிபுரத்தில் அளவுகோல் தேட வேண்டியதில்லை. சுவரிலிருந்து ஒரு சேலை நீளம், அதாவது ஐந்தரை மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். ஒளியின் நடுப்புள்ளி, விளக்கு இருக்கும் உயரத்தில் பாதியில் சுவரில் விழ வேண்டும். அப்படி வைத்தால் சாலையில் இரண்டு சேலை தூரத்தில் வெளிச்சம் படியும். பள்ளமோ படுத்திருக்கும் எருமையோ தெரிந்து பிரேக் பிடிக்க அது போதும்.

தாத்தா காலத்து டைனமோ 6 வோல்ட், 3 வாட். சார்ஜ் தேவையில்லை, மிதித்தால் எரியும், நின்றால் அணையும். சாலையோரம் நிற்கும்போதுதான் வெளிச்சம் அவசியம் என்பது அதன் பெரிய குறை. இப்போது செல்போன் சார்ஜரிலேயே ஏறும் எல்இடி விளக்குகள் வந்துவிட்டன. மழைக்காலத்துக்கு ஐபிஎக்ஸ்4 அல்லது அதற்கு மேல் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். செல்போன் டார்ச்சைக் கையில் பிடித்து ஓட்டுவது மட்டும் வேண்டாம்; ஒரு பிரேக் போய்விடும்.

பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டர்களைக் கழற்றிவிடாதீர்கள். அவை மேலும் கீழும் ஏறி இறங்குவதைப் பார்த்ததுமே லாரிக்காரர் ‘சைக்கிள்’ என்று புரிந்துகொள்வார். அந்தக் காலத்தில் பின் மட்கார்டின் நுனியில் வெள்ளை பெயின்ட் அடித்திருப்பார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு சாண் சிவப்பு ரிஃப்ளெக்டிவ் டேப் ஒட்டலாம், விளக்கில் சார்ஜ் தீர்ந்துபோகும் இரவுக்காக.