எந்தப் பிழைக்கு எந்தக் குறிமுறை?

கிள்ளான் துறைமுகத்துக்குள் வரும் கொள்கலனின் கதவைப் பாருங்கள். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், அதையடுத்து சிறு கட்டத்துக்குள் தனியாக ஓர் இலக்கம். முதல் பத்து இடங்களுக்கு 1, 2, 4 என்று 512 வரை இரட்டித்துச் செல்லும் எடைகளைக் கொடுத்து, பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அந்தக் கட்டத்தில் இருப்பது. ஐஎஸ்ஓ 6346 தரத்தின் இந்தக் கணக்கை இரண்டாம் படிவ மாணவரும் போட்டுவிடுவார்.

ஏன் 2இன் அடுக்குகள், ஏன் 11 என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. 11ஆல் வகுத்துப் பார்த்தால் அந்தப் பத்து எடைகளும் பத்து வெவ்வேறு மீதிகளைத் தரும், எதுவும் பூஜ்யமாகாது. எனவே வரிசை எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் மீதி மாறியே தீரும். கைப்பிசகில் அதிகம் நேர்பவை இந்த இரண்டும்தான். ஓட்டைகளும் உண்டு. ஆங்கில எழுத்து ‘ஏ’க்கு மதிப்பு 10, ‘கே’க்கு 21, ‘யூ’வுக்கு 32, மூன்றுக்கும் மீதி ஒன்றே. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தட்டினால் கணக்குக்குத் தெரியாது. மீதி 10 வந்தால் அதையும் 0 என்றே எழுதுவதால், அப்படிப்பட்ட வரிசை எண்களைத் தவிர்க்கத் தரமே பரிந்துரைக்கிறது.

இந்த இலக்கம் பிழையைக் காட்டிக்கொடுக்கும், திருத்தாது. திருத்த வேண்டியதும் இல்லை. பெட்டி எதிரிலேயே நிற்கிறது, மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் நிலைமை வேறு. கட்டணத்துக்காக ஒட்டியிருக்கும் கியூஆர் தாளில் தண்ணீர் தெறிக்கிறது, குங்குமம் படிகிறது, மூலை கிழிகிறது. கறை அடுத்தடுத்த கட்டங்களைச் சேர்த்தே அழிக்கும். இர்விங் ரீடும் கஸ்டவ் சாலமனும் 1960இல் தந்த குறிமுறை இதற்கென்றே வாய்த்ததுபோல் இருக்கிறது. அது பிட்டுகளை அல்ல, பைட்டுகளை எண்ணுகிறது. ஒரு பைட்டில் ஒரு பிட் கெட்டாலும் எட்டும் கெட்டாலும் ஒரே பிழைதான். 1994இல் ஜப்பானில் பிறந்த கியூஆர் இதை நான்கு நிலைகளில் பயன்படுத்துகிறது. ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சேதம்வரை தாங்கும். நடுவில் சின்னம் அச்சிட்டால் அந்தச் செலவும் இதே கையிருப்பிலிருந்துதான். கறைக்கு மிஞ்சுவது குறையும்.

தாளிலுள்ள கட்டணத் தகவலின் வாலில், பிழையைக் காட்டிக்கொடுக்க 16 பிட் சிஆர்சியும் உண்டு. ஆனால் கடைக்காரரின் தாள்மேல் வேறொருவர் தன் தாளை ஒட்டிவிட்டால், அதிலும் ரீட்–சாலமன் சரியாக இருக்கும், சிஆர்சியும் சரியாக இருக்கும். பணம் மட்டும் தவறான இடத்துக்குப் போகும். பிழைக்குச் செய்த கவசம் சூதைத் தடுக்காது.

மூன்றாவது, மாலை மழை. 1996 முதல் இங்கே கூரைகளில் துணைக்கோளத் தட்டுகள் ஏறின. டிவிபி-எஸ் தரத்தில் 188 பைட்டுக்கு 16 மிகை பைட்டுகள். எட்டுப் பைட் பிழைவரை திருத்தலாம். 12 அடுக்கு இடைப்பின்னலும் சேர்ந்தால் சுமார் 96 பைட் நீளமுள்ள கொத்துப் பிழையைத் தாங்கும். நொடிக்கு மூன்று கோடி பிட் ஓடும் தடத்தில் அது 25 மைக்ரோ நொடி. நம் மழையோ அரை மணி நேரம் கொட்டும். அந்தப் பின்னல் மழைக்காகப் போட்டதே அல்ல. உள்குறிமுறையை அவிழ்க்கும் விட்டர்பி முறை தடுமாறுகையில் எழும் குறுங்கொத்துகளுக்காகப் போட்டது. பின்னர் வந்த டிவிபி-எஸ்2, 1960களில் ராபர்ட் கேலகர் வகுத்த எல்டிபிசி குறிமுறையை எடுத்துக்கொண்டு, ஷானன் 1948இல் வரைந்த எல்லையை ஏறக்குறைய ஒரு டெசிபெல் அளவுக்கு நெருங்கிவிட்டது. கணிதம் இனித் தரக்கூடியது அவ்வளவுதான். கூ அலைவரிசையில் கனமழை பத்து டெசிபெல்லுக்கு மேலும் விழுங்கும். அதை ஈடுகட்ட வேண்டியவை தட்டின் விட்டமும் திறன் கையிருப்பும்.

நம் வகுப்பறைகளில் பாடம் ஹேமிங் (7,4)இல் தொடங்கி, முடிவுறு களங்களைக் கடந்து, தேர்வில் முடிகிறது. ஒவ்வொரு பிட்டும் தனித்தனியே, தற்செயலாகப் புரளும் என்பது அங்கே எழுதப்படாத அனுமானம். மேலே கண்ட மூன்று இடங்களில் ஒன்றில்கூடப் பிழை அப்படி நடந்துகொள்வதில்லை. களக்கணிதம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அது இல்லாமல் ரீட்–சாலமனைத் திறக்கவே முடியாது. ஆனால் பிழையின் குணம் தெரிந்தபின் அந்தக் கணிதத்துக்குள் போகிறவர், எதற்காகப் போகிறோம் என்பதை அறிந்தே போவார்.

எனவே கட்டுரை அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள். பிட் பிழை விகித வரைபடத்துக்கு முன்னால் ஒரு பத்தி எழுதுங்கள்: பிழை எங்கே பிறக்கிறது, ஒற்றையாக வருகிறதா கொத்தாகவா, திரும்பக் கேட்க வழி உண்டா, திருத்தம் தவறினால் நட்டம் யாருக்கு? அந்தப் பத்தி இல்லாத கட்டுரையை, வரைபடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், திருப்பி அனுப்புவதாக இருக்கிறோம்.

– ஆசிரியர்