மணல் எங்கே, குளியல் அங்கே

புதுச்சேரிக்காரர்களுக்கு வீட்டு வாசலில் கடல். குளிக்க மட்டும் படகு ஏற வேண்டும். கடற்கரைச் சாலையின் பெரும்பகுதியில் கருங்கல் குவியல்தான். சுண்டல் தின்னலாம், காற்று வாங்கலாம், கால் நனைப்பது சிரமம்.

போன ஞாயிறு நண்பரின் பாய்மர யாட்டில் தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து புறப்பட்டோம். சும்மா கடலில் சுற்றிவருவதாகத்தான் பேச்சு. சுண்ணாம்பாறு முகத்துவாரத்தில், பாரடைஸ் பீச் பக்கம், ஒரு முழுக்குப் போட்டே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள்.

விசைப்படகுகளையும் டீசல் வாடையையும் அலையாத்திப் புதர்களையும் தாண்டினால் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் வாய். ஆற்றில் மேலே போனால் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்டிமர் வீலர் தோண்டிய இடம். ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகள் கிடைத்த இடம். அந்த வாயின் இரு பக்கமும் இப்போது அலைதடுப்புச் சுவர்கள், 1980களின் பிற்பகுதியில் கட்டியவை.

நம் கரையோரம் மணல் ஓயாமல் நடக்கும். ஆண்டின் பெரும்பகுதி அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் திரும்பும். மொத்தக் கணக்கில் வடக்குக்கே வரவு. சுவர் அந்த நடையை மறித்தது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் கரை அகன்றது. வடக்கே நகரக் கரை கரைந்தது. கரைந்த இடத்தில் கல் போட்டார்கள். அரிப்பு அதற்கு வடக்கே இருந்த மீனவர் குப்பங்களுக்கு நகர்ந்தது.

சுண்ணாம்பாறு முகத்துவாரத்தின் மணல்திட்டைத் தாண்ட யாட்டுக்கு ஆழம் போதாது. அலை உடையும் இடத்துக்கு வெளியே நங்கூரம் போடப் போனோம். ஆற்று வாய்க்கு நேராகக் குதிக்கத் தயாரான என் மகனைப் படகோட்டி தடுத்தார். “இங்க வேணாம் தம்பி, வத்தம். தண்ணி வெளிய இழுக்குது.” வற்றும் நேரத்தில் ஆற்றுநீர் மணலை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடும். மேலே பார்க்க அலையடங்கி அழகாக இருக்கும். நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும். இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். படகைத் தள்ளி நிறுத்தி, லைஃப் ஜாக்கெட் மாட்டி, கயிற்றைப் பிடித்தபடி குளித்தோம். மணலில் கால் வைக்க நினைப்பவர்களுக்குச் சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து ஆற்றுவழி வரும் படகுதான் தோது.

நகருக்குள்ளும் மணல் திரும்பும் என்பதற்குச் சாட்சி உண்டு. 2018இல் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே எஃகாலான ஆப்பு வடிவத் தடுப்பைக் கடலுக்குள் இறக்கியது. அதை ஒட்டிய கரையில் மணல் சேர்ந்தது. ஜனங்கள் இறங்கி நின்றார்கள்.

துறைமுகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அதை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. அதன் வாய் தூர்ந்துபோனால் முதலில் தரைதட்டுவதும் மீனவர் படகுதான். அந்த வாயில் சேரும் மணலை ஆண்டுதோறும் அள்ளி வடக்கே கொட்டினால் மீனவருக்கு ஆழம், ஊருக்குக் கரை. செலவு ஒன்று, பலன் இரண்டு. எப்போதாவது பெயருக்குத் தூர்வாரிவிட்டு, கல்லுக்கு மட்டும் டெண்டர் விடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?