வேளாண் குழுவை மறுத்த உறுப்பினர்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண் ஷெர்லி சிஷோம். 1972-ல் அதிபர் வேட்பாளர் தேர்வில் போட்டியிட்டவர் என்றே அவர் பெரிதும் நினைவுகூரப்படுகிறார். மயாமி பீச்சில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 152 வாக்குகள். ஆயினும் அவரது அரசியலை அறிய, அதற்கு மூன்றாண்டுகள் முந்தைய ஒரு குழு நியமனத்தையே பார்க்க வேண்டும்.

1969 ஜனவரியில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்து அவைக்கு வந்த சிஷோமை, கட்சித் தலைமை வேளாண் குழுவில் அமர்த்தியது. அதிலும் வனவியல் துணைக்குழுவில். அவரது தொகுதியோ மக்கள் நெருக்கம் மிகுந்த நகர்ப்புறம். பொறுத்துக்கொள்ளுமாறு அவைத்தலைவர் ஜான் மெக்கார்மக் அறிவுறுத்தினார். புதிய உறுப்பினர் தலைமையின் முடிவுக்குக் கட்டுப்படுவதே அங்கு மரபு. சிஷோம் கட்சி உறுப்பினர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று எதிர்த்தார். முன்னாள் படைவீரர் நலக் குழுவுக்கு மாற்றப்பட்டபோது, தமது தொகுதியில் மரங்களைவிட அவர்களே அதிகம் என்றார். விரும்பிய கல்வி, தொழிலாளர் குழு 1971-ல்தான் வாய்த்தது.

நம் நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழுக்கள் 1993 முதல் முழுமையாக இயங்கி வருகின்றன. கட்சித் தலைமை அளிக்கும் பட்டியலே இங்கும் உறுப்பினரின் இடத்தைத் தீர்மானிக்கிறது. எனக்கு இக்குழு வேண்டாம் என்று வெளிப்படையாகக் கூறும் புதுமுக உறுப்பினரைக் காண்பது அரிது. அவைக் கூச்சலுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட, பத்திரிகையாளர்களாகிய எங்களிடம், குழு அறைகளுக்குக் கிடைப்பதில்லை.

கொள்கை உறுதி சிஷோமைப் பிடிவாதக்காரராக ஆக்கிவிடவில்லை. இனப் பிரிவினைக்குக் கொடி பிடித்த அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், 1972 மே மாதம் துப்பாக்கியால் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, சிஷோம் நேரில் சென்று நலம் விசாரித்தார். ஆதரவாளர்கள் வெகுண்டனர். சிஷோமின் தாயும் வீட்டு வேலை செய்து பிழைத்தவர். வீட்டுப் பணியாளர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியத்தை உறுதிசெய்ய சிஷோம் போராடியபோது, தென்மாநில உறுப்பினர்களின் ஆதரவைத் திரட்ட வாலஸ் உதவினார். 1974-ல் அது சட்டமாயிற்று. அந்த மருத்துவமனைச் சந்திப்பைச் சந்தர்ப்பவாதம் என்று ஏசியவர்கள், இதையும் கணக்கில் கொண்டிருக்க வேண்டும்.

ஏழு முறை வென்று, 1983 ஜனவரி வரை சிஷோம் அவையில் இருந்தார். 1977 முதல் அவர் வகித்தது விதிகள் குழுவின் உறுப்பினர் பதவி. எந்த மசோதா எப்போது, எவ்வளவு நேரம் விவாதிக்கப்பட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அக்குழுதான்.