கண்ணாடித் தொட்டியும் நம் கடமையும்

படைப்பனைத்தும் இறைவனின் கைவண்ணம் என்று மறைக்கல்வி வகுப்பில் படிக்கிறோம். அப்படைப்பில் ஓர் உயிரை விலை கொடுத்து வாங்கும்போது, அதன் வாழ்நாள் முழுமைக்கும் நாமே பொறுப்பு என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

ஆறாம் வகுப்பில் படித்தபோது, எங்கள் வகுப்புத் தொட்டிக்கு ‘டேங்க் கிளீனர்’ மீன் ஒன்று வாங்கினோம். அப்போது அது விரல் நீளமே இருந்தது. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு பாசி தின்னும் அழகைக் கண்டு மகிழ்ந்தோம். “தொட்டியை இதுவே சுத்தம் செய்துவிடும், தனித் தீனி வேண்டாம்” என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறோம். மீனோ எங்கள் ஓரடி ஸ்கேலைத் தாண்டிவிட்டது! இரண்டடித் தொட்டியில் அதற்குத் திரும்பவும் இடமில்லை.

தென் அமெரிக்க ஆறுகளுக்குரிய கெளுத்தி இனம் இது. செதிலுக்குப் பதிலாக எலும்புத் தகடுகள் கவசம்போல் உடலை மூடியிருக்கும். ஒன்றரை அடி வரை வளரும். 10 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். பாசி மட்டும் போதாது; வெள்ளரி, பூசணித் துண்டுகளும் தரவேண்டும். உண்பதற்கேற்பக் கழிவும் மிகுதி. துப்புரவு செய்வது அதுவன்று, நாம்தான்!

“பாவம், ஏரியில் விட்டுவிடுவோம்” என்றனர் எங்களுள் சிலர். அது இரக்கந்தான், ஆனால் அறியாமையில் பிறந்த இரக்கம். இவ்வாறு விடப்பட்டவை தமிழகம், கேரளம், ஆந்திரம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகிவிட்டன. கரையைக் குடைந்து முட்டையிடுகின்றன, நம் மீன்களின் உணவைப் பறிக்கின்றன, வலைகளைக் கிழிக்கின்றன. வயிற்றினால் காற்றையும் சுவாசிக்க வல்லவை ஆதலால், கெட்ட நீரிலும் பிழைத்துக்கொள்கின்றன. வலை நிறைய விலைபோகாத மீனோடு கரையேறும் மீனவர் வீட்டில் அன்று உலை கொதிக்குமா? ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம் ஓர் ஊருக்கே கேடாகலாமா?

பெற்றோர் உதவியால் பள்ளித் தோட்டத்தில் பெரிய சிமெண்டுத் தொட்டி கட்டி, மேலே வலை மூடினோம். விடுமுறையிலும் முறைவைத்துத் தீனி போடுகிறோம். விளையாட்டாய் வாங்கியதற்கு நாங்கள் செலுத்தும் கடன் இது.

அசிசி நகர் புனித பிரான்சிஸை 1979இல் சுற்றுச்சூழலின் பாதுகாவலராகத் திருச்சபை அறிவித்தது. அவரைப் போற்றும் நாம், எந்த உயிரையும் வாங்குமுன், “இது எவ்வளவு வளரும்? எத்தனை ஆண்டு வாழும்?” என்று கேட்போம். விற்பவர்களும் மறைக்காமல் சொல்லட்டும். இடமில்லையெனில் வாங்காதிருப்பதே மேல். தோழியரே, வாங்காமல் விடுவதும் ஓர் அன்புச் செயலன்றோ?