பொது அமைதியா, முதலாளி அமைதியா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

ஆபீஸ் வாசலில் நாலைந்து பேர் சேர்ந்து நின்று சம்பளக் கணக்குக் கேட்டால் போதும்; பொது அமைதி கெடுகிறது என்று நிர்வாகம் கூக்குரல் இடுகிறது. உடனே போலீசுக்கு டெலிபோன்! யாருடைய அமைதி கெட்டது என்று நாம் கேட்கிறோம். விடியுமுன் எழுந்து மரம் வெட்டி, பால் நிறுத்துக் கொடுத்தவன் தன் கூலியைக் கேட்பது எந்த ஊரின் அமைதியைக் கெடுக்கும்?

இது புதிய பாட்டு அல்ல. 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழிக்கக் கேட்டார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். கிடைத்தது என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கி வெடித்தது, தொழிலாளர் உயிர் பறிபோயிற்று. அமைதி காத்த அழகு அது!

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டுத் தண்டனைச் சட்டம், 1860ல் வெள்ளையர் இந்தியாவுக்கு இயற்றிய சட்டத்தின் அச்சிலே வார்த்தது. அதன் 141வது பிரிவு, ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடும் கூட்டம் எப்போது சட்டவிரோதமாகும் என்று சொல்கிறது. ஐந்து என்ற எண் மட்டும் குற்றமாகாது. பலாத்காரத்தால் அரசை மிரட்டுவது, சட்ட நடவடிக்கையைத் தடுப்பது, பொருளைச் சேதப்படுத்துவது, குற்ற எண்ணத்தோடு அத்துமீறி நுழைவது என்பன போன்ற பொது நோக்கம் இருந்தாக வேண்டும். நியாயமாகக் கூலி கேட்பது அந்தப் பட்டியலில் இல்லை. நம்மை மிரட்டுவோர் தலைகளை மட்டும் எண்ணுகிறார்கள். நோக்கத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை!

ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசியல் சாசனத்தின் 10வது பிரிவு குடிமக்களுக்கு அளிக்கிறது. முன்னறிவிப்பின்றிக் கூடுவதைக் குற்றமாக்கிய விதி அச்சாசனத்துக்கு முரண் என்று 2025 ஜூலையில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012ம் ஆண்டின் அமைதிப் பேரணிச் சட்டமோ, தொழிற்சட்டப்படி நடக்கும் மறியலுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஆயினும் தொழிலாளிக்கென்று ஒரு சுருக்கு மீதியிருக்கிறது. 1967ம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம், 40வது பிரிவில், தகராறு நடக்கும் இடத்திலே மறியலை அனுமதிக்கிறது. ஆனால் பிறரை மிரட்டவோ, வழியை அடைக்கவோ, அமைதியைக் குலைக்கவோ கூடிய விதத்தில் நிற்கக் கூடாதாம். மிரட்டலும் அடைப்பும் கண்ணுக்குத் தெரியும். இனிமேல் குலையக்கூடிய அமைதியை எந்தத் தராசில் நிறுப்பது? அடித்தவனைத் தண்டியுங்கள், எரித்தவனைத் தண்டியுங்கள், நாம் மறுக்கவில்லை. நடக்காத கலகத்துக்காக நியாயமான மறியலைத் தண்டிக்காதீர்கள்! அந்த மூன்றாவது வாசகத்தை நீக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

அதுவரை நாம் ஏமாளிகளாக இருக்கலாகாது. மறியலில் அந்தத் தோட்டத்து ஆட்களே நிற்கட்டும். வாசல் திறந்தே இருக்கட்டும். கையில் தடி வேண்டாம். வெட்டுக் கத்தியும் வேண்டாம். கோரிக்கை எழுதிய அட்டை போதும். கிராணிமாரே! யார் வந்தார், என்ன சொன்னார், மணி என்ன என்று அன்றன்றே எழுதி வையுங்கள். நாளைக்குக் கோர்ட்டில் அந்த ஏடு நமக்காகப் பேசும்.

பயத்தால் மூடிய வாய்க்குப் பெயர் அமைதி அல்ல. கூலியில் நியாயம் இருந்தால் போலீஸ் இல்லாமலே தோட்டம் அமைதியாக இருக்கும்!